இறக்கிய மாங்காயைக் குறைந்த செலவில் பத்துப் பன்னிரண்டு நாள் கெடாமல் வைத்திருக்க என்ன வழி?

கேள்வி: பரதராமி மாந்தோப்பு

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்திலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் பரதராமியைக் கடந்து சிறிது தொலைவு சென்றால், தமிழ்நாட்டு எல்லை முடிந்து ஆந்திரம் தொடங்கும் இடத்தில் எங்கள் தோப்பு இருக்கிறது. வீட்டில் தமிழும் சந்தையில் தெலுங்குமாக மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்துவரும் குடும்பம் எங்களுடையது. தோப்பில் பாதி பெங்களூரா. அதை லாரியில் ஏற்றிக் கூழ் ஆலைக்கு அனுப்பிவிடுவதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. மீதியில் பங்கனப்பள்ளி 40 மரம், இமாம்பசந்த் 12 மரம், கடைசியில் வரும் நீலம் சில மரங்கள். என் கேள்வி பங்கனப்பள்ளியையும் இமாம்பசந்தையும் பற்றியது.

மே மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரத்துக்குள் எங்கள் வட்டாரம் முழுவதும் பங்கனப்பள்ளி ஒன்றாக முற்றிவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் மண்டிக்குக் கொண்டுபோவதால் விலை விழுந்துவிடுகிறது. வேலூரிலும் காட்பாடியிலும் சில குடியிருப்புகளில் நேரடியாக வீட்டுக்கே பழம் வாங்கிக்கொள்ளும் வாடிக்கையாளர்கள் எங்களுக்குக் கிடைத்திருக்கிறார்கள்; ஆனால் அவர்களுக்கு வாரத்துக்குப் பத்து கிரேட் என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் காயை இறக்கிய பிறகு பத்துப் பன்னிரண்டு நாளாவது வைத்திருக்க முடிய வேண்டும்.

சென்ற ஆண்டு 30 கிரேட் காயைத் தகரக் கொட்டகையில் வைக்கோல் பரப்பி வைத்தோம். ஐந்தாம் நாள் காம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் தோன்றியது. ஏழாம் நாள் அது தோள் முழுவதும் பரவி, விரல் பட்டாலே உள்ளே அமுங்கியது. 11 கிரேட் குப்பைக் குழிக்குப் போனது. அப்போதே இன்னும் 5 கிரேட்டைப் புளி வைக்கும் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இடம் கேட்டு வைத்தோம். 12 நாள் கழித்து எடுத்தபோது காய் பறித்த அன்றுபோலவே பச்சையாக இருந்ததைப் பார்த்து மகிழ்ந்தோம். வீட்டுக்குக் கொண்டுவந்த இரண்டு நாளில் தோல் சாம்பல் நிறமாகிக் குழிகுழியாக விழுந்தது. பழுக்கவும் இல்லை, மணமும் வரவில்லை. வாடிக்கையாளருக்குக் கொடுத்த ஒரு பெட்டியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த அம்மையார் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்னும் வருத்தமாக இருந்தது.

கார்பைடு கல் வைக்கச் சொல்லிப் பக்கத்துத் தோப்பில் யோசனை சொன்னார்கள். பிள்ளைகள் தின்னும் பழத்தில் அதை வைக்க எங்களுக்கு மனமில்லை. மேலும் எங்கள் தேவை பழுக்க வைப்பது அல்ல, பழுப்பதைத் தள்ளிப்போடுவது. எங்களால் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். மின்சாரம் நாள் முழுவதும் கிடைப்பதில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பணியாளர், பலமநேர்

வணக்கம் அம்மா. நீங்கள் சொன்ன இரண்டு இழப்புகளுக்கும் காரணம் வேறு வேறு. அவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் எதற்குச் செலவு செய்ய வேண்டும் என்பது புலப்படும்.

புளிக் கிடங்கில் நேர்ந்தது குளிர்க்காயம். புளியை நான்கைந்து டிகிரியில் வைப்பார்கள். அது உலர்ந்த பொருள், தாங்கும். மாங்காய் வெப்ப மண்டலத்தின் உயிருள்ள காய். ஏறத்தாழ 13 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் வைத்தால் அதன் திசுக்களின் சவ்வு சிதைந்து, பழுக்கும் திறனையே இழந்துவிடும். கிடங்கில் இருக்கும்வரை அது வெளியே தெரியாது; சூட்டுக்கு வந்த பிறகுதான் குழியும் சாம்பல் நிறமும் தோன்றும். 13 டிகிரியும் 85 முதல் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறை கிடைத்தால் முற்றிய பச்சைக் காய் இரண்டு மூன்று வாரம் இருக்கும். அப்படி ஓர் அறை உங்கள் செலவுக்குள் வராது. ஆகவே அதை இப்போதைக்கு மறந்துவிடலாம். வாழை, கொய்யா, பப்பாளி வைத்திருப்பவர்களும் வீட்டுக் குளிர்ப்பெட்டியை நம்ப வேண்டாம் என்று இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

கொட்டகையில் நேர்ந்ததுதான் முக்கியமானது. காம்பைச் சுற்றி வந்த கறுப்பு வளையம் காம்புமுனை அழுகல். தோலில் சிதறிய கரும்புள்ளிகளும் இருந்திருந்தால் அது ஆந்த்ராக்னோஸ். இந்த இரண்டு பூஞ்சைகளும் கொட்டகையில் வந்து ஒட்டியவை அல்ல. பூவிலும் பிஞ்சிலும் காய்ந்த குச்சியிலும் இருந்து மரத்திலேயே காய்க்குள் புகுந்து, காய் பச்சையாக இருக்கும்வரை அடங்கிக் கிடந்து, காய் பழுக்கத் தொடங்கியதும் எழுந்தவை. அதனால் எந்தக் குளிர்ந்த அறையில் வைத்தாலும் உள்ளே இருக்கும் பூஞ்சையும் உடன் வந்து உட்காரும். அறையைத் தேடும் முன் இரண்டு வேலைகளைச் சரி செய்ய வேண்டும்: ஒன்று இறக்கும் முறை, மற்றொன்று வெந்நீர்.

இறக்கும் முறையை விரிவாகச் சொல்கிறேன்; ஏனெனில் என் பணிக்காலத்தில் நான் பார்த்த அழுகலில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்கியது. கொக்கித் தொரட்டியால் இழுத்தால் காம்பு காயோடு ஒட்டிய இடத்திலேயே பிய்ந்து வருகிறது. அந்த நொடியில் உள்ளே அழுத்தத்தில் இருக்கும் பால் பீய்ச்சி அடித்துத் தோலில் வழிகிறது. முதலில் வரும் அந்தப் பாலில் தோலை எரிக்கும் எண்ணெய்ப்பொருள் அதிகம். அது பட்ட இடம் மறுநாள் பழுப்புக் கோடாகி, பிறகு கறுத்து, பூஞ்சைக்கு வழிவிடுகிறது. பிய்ந்த காம்புக்குழியோ திறந்த புண். ஆகவே கத்தியும் வலையும் சேர்ந்த தொரட்டியால், காயோடு விரல் நீளக் காம்பு இருக்குமாறு வெட்டி இறக்க வேண்டும். அந்தக் காம்பு ஒடியாதபடி நிழலுக்குக் கொண்டுவந்து, காயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் விட்டுக் கத்தரியால் நறுக்கி, பால் தரையை நோக்கிச் சொட்டுமாறு மூங்கில் சட்டத்திலோ கம்பி வலையிலோ கவிழ்த்து வைக்க வேண்டும். சாக்கின் மேல் கவிழ்த்தால் பால் சாக்கில் ஊறி மீண்டும் தோலிலேயே படும்.

காய் முற்றியிருப்பதையும் கவனியுங்கள். காம்புக்கு இரு பக்கமும் தோள் எழும்பி, காம்பு சற்றுக் குழியில் அமர்ந்ததுபோல் தெரிந்தால் முற்றல். ஐயம் இருந்தால் ஒரு வாளி நீரில் போட்டுப் பாருங்கள். முற்றிய காய் மூழ்கும், இளங்காய் மிதக்கும். மிதப்பவற்றை ஊறுகாய்க்கு விற்றுவிடுங்கள், சேமிக்கும் கிரேட்டில் சேர்க்காதீர்கள். இளங்காய் சுருங்குமே தவிரப் பழுக்காது.

அடுத்தது வெந்நீர். 52 டிகிரி நீரில் 10 நிமிடம் காயை மூழ்க வைத்து எடுத்தால் தோலுக்கு அடியில் ஒளிந்திருக்கும் ஆந்த்ராக்னோஸ் பெருமளவு அடங்கும். காம்புமுனை அழுகலும் குறையும். மருந்து எதுவும் தேவையில்லை. 200 லிட்டர் பீப்பாய், விறகடுப்பு, நல்ல வெப்பமானி ஒன்று போதும். வெப்பமானியில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 50 டிகிரிக்குக் கீழே போனால் பயன் குறைவு, 55 டிகிரியைத் தாண்டினால் தோல் வெந்துவிடும். காயைப் போட்டவுடன் நீரின் சூடு இறங்கும் என்பதால் 54 டிகிரியில் தொடங்கி, பீப்பாய் ஒன்றுக்கு இரண்டு கிரேட்டுக்கு மேல் போடாமல், அடிக்கடி நீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். எடுத்த பிறகு சாதாரண நீரில் ஆற்றி, நிழலில் ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே கிரேட்டில் அடுக்க வேண்டும்.

பதில்: குடியாத்தம் மண்டி

அக்கா, நான் 22 ஆண்டாகப் பழ மண்டி நடத்துகிறேன். பலமநேர் ஐயா சொன்னதை ஒட்டி, வாங்குபவன் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

வைக்கோலை விட்டுவிடுங்கள். வைக்கோல் பரப்புவது நம் பக்கத்துப் பழக்கம். அது சூட்டைப் பிடித்து வைத்துப் பழுக்க வைப்பதற்கான முறை. உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. மேலும் பழைய வைக்கோலில் பூஞ்சைத் தூள் நிறைய இருக்கும். காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில், அடியில் செய்தித்தாளைக் கிழித்துப் போட்டு, காம்பு பக்கவாட்டில் இருக்குமாறு இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். இருபது கிலோ பிடிக்கும் கிரேட்டில் பன்னிரண்டு கிலோதான் வரும். இடம் வீணாகிறதே என்று தோன்றும். ஆனால் அடியில் இருக்கும் காய் நசுங்காது.

தகரக் கூரையும் வேண்டாம். பிற்பகலில் தகரத்தின் கீழே நின்று பாருங்கள்; வெளியில் மரநிழலில் இருப்பதைவிடச் சூடு அதிகமாக இருக்கும். காய் பறித்த பிறகும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. சூடு பத்து டிகிரி ஏறினால் அந்த மூச்சு இரண்டு மூன்று மடங்காகும், அதே வேகத்தில் அதன் ஆயுளும் கரையும். தகரத்தை மாற்ற முடியாவிட்டால் மேலே தென்னங்கீற்றை இரண்டு அடுக்காகப் போட்டு, மாலையில் நீர் தெளியுங்கள். இறக்கிய காயை வண்டி வரும்வரை தோப்பின் நடுவே வெயிலில் குவித்து வைக்கும் வழக்கம் எங்கள் மண்டிக்கு வரும் பாதிப் பேரிடம் இருக்கிறது. அந்தக் குவியலின் நடுவே கையை நுழைத்துப் பார்த்தால் எவ்வளவு சூடு என்பது தெரியும். அப்படி வந்த காய்க்கு நான் விலை குறைத்துத்தான் கேட்பேன். மறுநாளே அது என் கையில் பழுத்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

தினமும் காலையில் ஒருவர் கிரேட் கிரேட்டாகப் பார்த்து, பழுக்கத் தொடங்கிய காயை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். பழுக்கும் காய் எத்திலீன் என்ற வாயுவை விடும். அது பக்கத்துக் காய்களையும் எழுப்பிவிடும். ஒரே ஒரு பழம் கவனிக்காமல் விடப்பட்டு ஒரு கிரேட் முழுவதும் இரண்டு நாள் முன்னதாகப் பழுத்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதே காரணத்தால், வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் நாளுக்கு நான்கு நாள் முன்பு வேண்டிய கிரேட்டை மட்டும் தனி அறையில் வைத்து, நடுவே நன்றாகப் பழுத்த நான்கைந்து பழத்தை வைத்து மூடினால் அவை ஒன்றுபோலப் பழுக்கும். கார்பைடு சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதிலிருந்து வரும் வாயுவோடு ஆர்சனிக்கும் பாஸ்பரசும் கலந்திருக்கும். அரசு அனுமதிப்பது எத்திலீன் வாயுவை மட்டும்தான், அதுவும் அறைக் காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு வரை. உங்கள் அளவுக்கு அந்த அறையும் தேவையில்லை. பழுத்த பழமே போதும்.

இமாம்பசந்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் தோல் மெல்லியது, அதைப் பன்னிரண்டு நாள் வைத்திருக்க நினைக்காதீர்கள். அதை முதலில் விற்றுவிட்டுப் பங்கனப்பள்ளியை நிறுத்தி வையுங்கள். நீலம் இயல்பாகவே நாள் தாங்கும்.

கேள்வி கேட்டவர்: பரதராமி மாந்தோப்பு

ஐயா, அண்ணா, இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் ஆட்கள் கொக்கித் தொரட்டியால் இழுத்துத்தான் இறக்குகிறார்கள். கிரேட்டைத் தூக்கி வந்து கொட்டுவதும் நடக்கிறது. ஒரு ஆளுக்குக் கிரேட் கணக்கில் கூலி கொடுப்பதால் அவர்கள் வேகத்தைத்தான் பார்ப்பார்கள். இந்த ஆண்டு நாட்கூலியாக மாற்றிப் பார்க்கிறேன். வெந்நீருக்குப் பிறகு காயை வைக்க இரட்டைச் சுவர் வைத்த செங்கல் தொட்டி ஒன்று கட்டலாம் என்று கேள்விப்பட்டேன். யாராவது கட்டியிருக்கிறீர்களா? எங்கள் வெயிலுக்கு அது பயன்படுமா?

பதில்: நகரி, இரண்டு ஏக்கர்

நான் கட்டியிருக்கிறேன் அம்மா, மூன்றாம் கோடையாகப் பயன்படுத்துகிறேன். அது 1980களில் தில்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவான அமைப்பு. மின்சாரம் இல்லாமல் நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் சூட்டினாலேயே உள்ளே குளிர்கிறது. நம் வீட்டு மண்பானை செய்கிற அதே வேலை.

தரையில் 165 சென்டிமீட்டர் நீளம், 115 சென்டிமீட்டர் அகலத்துக்குச் செங்கல் பரப்பி, அதன் மேல் 67.5 சென்டிமீட்டர் உயரத்துக்கு இரண்டு சுவர்களை 7.5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு எழுப்ப வேண்டும். அந்த இடைவெளியில் நன்றாக நனைத்த ஆற்று மணலை நிரப்ப வேண்டும். மேலே மூங்கில் சட்டத்தில் காய்ந்த புல் வேய்ந்த மூடி. தொட்டி முழுவதும் நிழலில், காற்று தடையின்றி வீசும் இடத்தில் இருக்க வேண்டும். மேலே கீற்றுப் பந்தல் கட்டாயம். இதில் ஏறத்தாழ 100 கிலோ காய் கிரேட்டோடு வைக்கலாம். சுட்ட செங்கல் நீரை உறிஞ்சுவதாக இருக்க வேண்டும். சுவரில் சிமெண்டு பூசிவிட்டால் ஆவியாதல் நின்று தொட்டி பாழாகிவிடும். நான் முதலில் கட்டியபோது கொத்தனார் வெளிப்புறம் அழகாக இருக்கட்டும் என்று பூசிவிட்டார். ஒரு வாரம் ஏன் குளிரவில்லை என்று தெரியாமல் தவித்து, பிறகு உளியால் செதுக்கி எடுத்தேன். எனக்குச் செங்கல், மணல், பந்தல், கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. உங்கள் தொகைக்கு இரண்டு தொட்டி கட்டலாம்.

நீர் ஊற்றுவதில்தான் எல்லாம் இருக்கிறது. காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். சொட்டுநீர்க் குழாய் ஒன்றைச் சுவர் மேல் சுற்றி ஓடவிட்டு, உயரத்தில் வைத்த வாளியோடு இணைத்துவிட்டால் ஆள் நிற்க வேண்டியதில்லை. சென்ற மே மாதம் ஒரு பிற்பகல் பந்தலுக்கு வெளியே 41 டிகிரி இருந்தபோது தொட்டிக்குள் 28 டிகிரி காட்டியது. வெந்நீரில் நனைத்துக் காயவைத்த பங்கனப்பள்ளி அதில் 11 நாள் இருந்து பழுத்தது. வீட்டில் வைத்தது ஆறாம் ஏழாம் நாளில் பழுத்துவிட்டது. தோல் சுருங்காததால் எடையும் அதிகம் குறையவில்லை. உள்ளே ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டும். அது காய்க்கு நல்லது, பூஞ்சைக்கும் நல்லது. ஆகவே வெந்நீர் காட்டாத காயையும், ஈரம் உலராத காயையும், அடிபட்ட காயையும் தொட்டிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.

கட்டும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே மாதிரியான இரண்டு வெப்பமானி வாங்கி, ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் காற்றுப்படும் இடத்தில் தொங்கவிடுங்கள். கால் மணி நேரம் கழித்து இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். தொட்டியால் கிடைக்கும் குளிர்ச்சி அந்த வேறுபாட்டுக்குள்தான் இருக்கும். 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 25 விழுக்காடாக இருந்தால் ஈரத்துணி வெப்பமானி ஏறத்தாழ 24 காட்டும். மழைக்காற்று அடிக்கும் நாளில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். நம் பக்கத்து மே மாதம் இதற்கு ஏற்ற காலம். ஜூன் நடுவில் மேகம் கூடிய பிறகு நீலம் வரும்போது இதில் பாதிப் பயன்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

பதில்: நாஞ்சில் ஏத்தன்

நகரி அண்ணாச்சி கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்லவே எழுதுகிறேன். எங்கள் தோட்டம் களியக்காவிளைக்குப் பக்கத்தில், கேரள எல்லையில் இருக்கிறது. மாம்பழம் அல்ல, ஏத்தன் (நேந்திரன்) வாழையும் கொஞ்சம் மட்டி வாழையும். ஓணத்துக்கு முந்தின வாரம் திருவனந்தபுரத்தில் ஏத்தனுக்குக் கிடைக்கும் விலை வேறு. அதற்காகக் குலையை ஒரு வாரம் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கிறது. யாரோ சொன்னதைக் கேட்டு நானும் அந்த இரட்டைச் சுவர்த் தொட்டியைக் கட்டினேன். தென்மேற்குப் பருவமழையில் எங்கள் காற்றே நனைந்த துணி போல இருக்கும். உள்ளே இரண்டு டிகிரிகூடக் குறையவில்லை, சுவரெல்லாம் பாசி பிடித்தது, சீப்பு வெட்டிய இடத்தில் வெள்ளைப் பூஞ்சை வந்தது. தொட்டியைக் குறை சொல்லவில்லை. அது வறண்ட நாட்டுக்கு உரியது.

எங்களுக்குப் பயன்பட்ட முறை வேறு. காயின் விளிம்புக் கோணம் முழுவதும் உருளும் முன், முக்கால் விளைச்சலில் குலையை வெட்டுகிறோம். சீப்புச் சீப்பாகப் பிரித்து, வெட்டுவாய் கீழே இருக்குமாறு வாழையிலை மேல் வைத்துப் பால் வடிய விட்டு, படிகாரம் கரைத்த நீரில் கழுவுகிறோம். பால் உறைந்து நிற்கும், வெட்டுவாய் அழுகுவதும் குறையும். ஈரம் உலர்ந்ததும் மெல்லிய பாலித்தீன் உறை விரித்த கிரேட்டில் அடுக்கி, நடுவே ஒரு சிறு துணிப்பொட்டலம் வைக்கிறோம். கிணற்று நீரைச் சுத்தம் செய்யப் போடும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கெட்டியாகக் கரைத்து, அதில் உடைத்த செங்கல் துண்டுகளை ஊற வைத்து, நிழலில் உலர்த்திக் கட்டியதுதான் அந்தப் பொட்டலம். காய் விடும் எத்திலீனை அது எரித்துவிடுகிறது. ஊதா நிறம் பழுப்பாக மாறினால் வேலை முடிந்தது, மாற்ற வேண்டும். பொட்டலம் காயில் படக்கூடாது, கையுறை இல்லாமல் தொடக்கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக்கூடாது. உறையை இறுகக் கட்டினால் உள்ளே கரியமில வாயு மிகுந்து காய் புளித்த நாற்றம் அடிக்கும். வாயை மடித்து மட்டும் வைக்கிறோம். காற்றோட்டமுள்ள ஓட்டு வீட்டில் இப்படி வைத்த ஏத்தன் கூடுதலாக ஐந்தாறு நாள் பச்சையாக நின்றது.

மாங்காயில் இதை நான் செய்து பார்த்ததில்லை. ஆனால் எத்திலீன் எல்லாக் காய்க்கும் ஒன்றுதான் என்பதால், உங்கள் செங்கல் தொட்டிக்குள் அந்தப் பொட்டலத்தை உறை இல்லாமல் தொங்கவிட்டு ஒரு கிரேட்டில் பார்க்கலாம். பறித்த பின்னும் தொடர்ந்து பழுக்கும் மா, வாழை, பலா, சப்போட்டா, கொய்யாவுக்குத்தான் இந்த முறை பொருந்தும். அன்னாசியும் எலுமிச்சையும் பறித்த பின் பழுப்பதில்லை. அவற்றுக்கு நிழலும் ஈரமும்தான் தேவை.

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பணியாளர், பலமநேர்

நகரியிலிருந்து எழுதியவரின் இரண்டு வெப்பமானிச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைச் செய்யாமல் மானியம் கிடைக்கிறது என்பதற்காகவே தொட்டி கட்டிக் கைவிட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தனிச்செய்தியில் ஒரு நண்பர் ஹெக்சனால் தெளிப்பைப் பற்றிக் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். புல்லை வெட்டும்போது எழும் பச்சை வாசனைக்குக் காரணமான பொருள்களுள் ஒன்று ஹெக்சனால். செடிகள் தாமே உண்டாக்குவது. காயின் செல் சவ்வை அரிக்கும் ஒரு நொதியை அது தடுப்பதால் பழம் தளர்வது தாமதமாகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து இதை மாம்பழத்தில் ஆராய்ந்தார்கள்; கிருஷ்ணகிரி மாவட்டத் தோப்புகளிலும் சோதனை நடந்தது. அறுவடைக்கு 30 நாள் முன்பும் 15 நாள் முன்பும் மரத்தில் தெளிப்பது அதன் முறை. தெளித்த மரத்தில் காய் உதிராமல் கூடுதல் நாள் நிற்பதும் ஒரு நன்மை. எல்லோரும் ஒரே வாரத்தில் சந்தைக்குப் போக வேண்டிய நெருக்கடிக்கு அதுவே நேரான தீர்வு. ஆனால் பயன்படுத்த நினைப்பவர்கள் பல்கலைக்கழகம் தயாரித்துத் தரும் கலவையை மட்டுமே, அவர்கள் சொல்லும் அளவில், முதல் ஆண்டு நான்கைந்து மரத்தில் மட்டும் தெளித்துப் பாருங்கள். கடையில் தனி ஹெக்சனால் வாங்கி நீரில் கலக்க வேண்டாம். அது நீரில் எளிதில் கரையாது, இலையைக் கருக்கிவிடும்.

பரதராமி அம்மாவுக்கு இந்த ஆண்டு அது தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. தொரட்டியை மாற்றி, வெந்நீர் காட்டி, ஒரு தொட்டி கட்டினாலே நீங்கள் கேட்ட பத்து நாள் கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்: பரதராமி மாந்தோப்பு

இன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கிணற்றடி வேப்பமர நிழலில் இரண்டு வெப்பமானியையும் தொங்கவிட்டுப் பார்த்தேன். ஒன்று 39, ஈரத்துணி சுற்றியது 24. இந்த ஆண்டு ஒரு தொட்டி மட்டும் கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கத்தி வைத்த வலைத் தொரட்டி இரண்டு செய்யப் பட்டறையில் சொல்லியாகிவிட்டது. 20 கிரேட்டில் 5 கிரேட்டை வெந்நீர் காட்டாமல் தனியாக வீட்டுக்குள் வைத்து, வேறுபாட்டைக் குறித்து வைத்து இங்கே எழுதுகிறேன். ஐயா, கடைசியாக ஒரு சந்தேகம். காம்பை நறுக்கிய பிறகு காயை எவ்வளவு நேரம் கவிழ்த்து வைக்க வேண்டும்? விடியற்காலையிலேயே இறக்கிவிடலாமா?

பதில்: ஓய்வுபெற்ற தோட்டக்கலைப் பணியாளர், பலமநேர்

தோலை எரிக்கும் பால் முதல் சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் வடிந்துவிடும். ஆனாலும் அரை மணிக்குக் குறையாமல் கவிழ்த்து வையுங்கள். விடியற்காலையில் காய் குளிர்ந்திருக்கும் என்பது நன்மை. ஆனால் இரவெல்லாம் நீர் ஏறியிருப்பதால் பால் மிகுந்த வேகத்தோடு பீய்ச்சும். நீண்ட காம்போடு இறக்குவதாக இருந்தால் விடியற்காலையிலேயே இறக்கலாம், காம்பை நறுக்குவதை மட்டும் நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். நறுக்குகிறவர் கண்ணில் பால் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வைக்கும் அந்த 5 கிரேட்டும் தொட்டியில் வைக்கும் காயும் ஒரே மரத்திலிருந்து, ஒரே நாளில் இறக்கியவையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் வேறுபாடு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.